போர்க் கல்லில் ஒரு சிவப்பு அட்டை

எங்கள் தொழிற்சாலைக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. அதனால் சாவுச் செய்திகூட கேட் வழியாகத்தான் வர வேண்டும். போன செவ்வாய்க்கிழமை முதல் ஷிப்டில், டீ முடிந்து மெஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கிய நேரத்தில், செக்யூரிட்டிக்காரர் ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினார். "க்யூசி சண்முகவேல் சார் இன்று காலை தவறிவிட்டார். மகன் போன் செய்தார்." அவ்வளவுதான் எழுதியிருந்தது. இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை படித்தபோது, சீட்டை எழுதினவர் கையெழுத்துப் போடவில்லையே, சார் பார்த்தால் திருப்பி அனுப்பியிருப்பாரே என்று தோன்றியது. அப்புறம்தான் அழுகை வந்தது.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொழிற்சாலையில் அவருடன் வேலை பார்த்தவர்கள் ஒரு பக்கம், எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயில் மக்கள் இன்னொரு பக்கம். பங்கு இதழில் ஒரு முருக பக்தருக்கு நினைவஞ்சலியா என்று முகத்தைச் சுளிக்கிறவர்கள் இரண்டொருவர் இருப்பார்கள், எனக்குத் தெரியும். அவர்கள் கோயில் முற்றத்தில் நிற்கும் போர்க் கல்லை ஒருமுறை சுற்றி வந்துவிட்டு, பிறகு வந்து என்னிடம் பேசட்டும்.

சண்முகவேல் சார் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். ஓசூரில் தொழிற்சாலைகள் எழும்பிய காலத்தில் ஐ.டி.ஐ. சான்றிதழும் ஒரு டிரங்குப் பெட்டியுமாக வந்து இறங்கியவர். தரப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்தார், அங்கேயே ஓய்வு பெற்றார். இத்தனை வருஷம் தெலுங்கும் கன்னடமும் கலந்த இந்த ஊரில் இருந்தும் அவருடைய தெற்கத்திப் பேச்சில் ஒரு சொல்லும் மாறவில்லை. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'மைக்ரான்'. கேன்டீனில் ஒருநாள் வடை சிறுத்துப் போயிற்று என்று எல்லோரும் கத்திக்கொண்டிருந்தபோது, இவர் சட்டைப் பையிலிருந்து வெர்னியரை எடுத்து வடையை அளந்து, "சத்தம் போடாதீங்கடே. வட்டம் கொறையல. ஓட்டைதான் பெருசாயிருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் கேன்டீன்காரர் அவரைக் கண்டால் கும்பிடுவார்.

நான் அதே தொழிற்சாலையில் மெஷின் ஷாப் ஃபோர்மேன். பெயர் ஞானப்பிரகாசம். எனக்கு ஒரு வியாதி உண்டு, அது இந்தக் கதைக்கு வேண்டும் என்பதால் சொல்லிவிடுகிறேன். யார் எதைக் கேட்டாலும் 'தெரியாது' என்று எனக்கு வாயில் வராது. ராயக்கோட்டை பஸ் எத்தனை மணிக்கு என்று ரோட்டில் போகிற யாரோ யாரையோ கேட்டாலும் பதில் என்னிடமிருந்துதான் வரும். முந்திரிக்கொட்டை என்று என் மனைவி சொல்வாள். சண்முகவேல் சார் அவ்வளவு பச்சையாகச் சொல்ல மாட்டார். "ஒமக்குப் பதில் ரெடியா இருக்கு வே, கேள்விதான் இன்னும் வந்து சேரல" என்பார்.

சிவப்பு அட்டையைப் பற்றி வெளியாட்களுக்குச் சொல்ல வேண்டும். குறையுள்ள பொருளில் கம்பியால் கட்டித் தொங்கவிடும் அட்டை அது. பொருள், குறை, காரணம் என்று மூன்று கோடுகள் இருக்கும். அதற்கும் கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம்: ஒன்று பரிசோதித்தவர், இன்னொன்று அந்தப் பொருளைச் செய்த ஆபரேட்டர். இரண்டு கையெழுத்தும் விழுந்தால்தான் அட்டையை மூடிக் கோப்பில் சேர்க்கலாம். தன் தப்புக்குக் கையெழுத்துப் போட எவனுக்குத்தான் மனசு வரும்? மற்ற இன்ஸ்பெக்டர்கள் மிரட்டி வாங்குவார்கள். இவர் மேஜை இழுப்பறையில் அட்டையை வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பார். ஒருமுறை ஒரு லேத் ஆபரேட்டர் மூன்று வாரம் இழுத்தடித்தான். நான் கொதித்துப் போய் அவனை இழுத்துக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். "கேட்டு வாங்குன கையெழுத்து கையெழுத்தே இல்ல வே. அவனா வரட்டும்" என்றார். நாலாவது வாரம் அவனாகவே வந்தான்.

அட்டை அடுத்தவர்களுக்கு மட்டும்தானா? இல்லை. ஒருதடவை தேய்ந்த கேஜை, அதாவது அளவு சரிபார்க்கும் கருவியை, வைத்து அவரே ஒரு சரக்கைச் சரியென்று அனுப்பிவிட்டார். லாரியில் ஏற்றிக் கயிறும் கட்டியாயிற்று. கேஜில் சந்தேகம் வந்து, வேகமாக நடந்து போய் லாரி முன்னால் நின்றார். முதல் பெட்டியில் சிவப்பு அட்டையைக் கட்டி, காரணம் என்ற இடத்தில் தன் பெயரையே எழுதினார். மேனேஜர் அவரை ஓரமாக அழைத்து, "யாருக்குங்க தெரியப் போவுது? விடுங்க" என்றார். "கேஜுக்குத் தெரியும்லா சார்" என்றார் இவர். லாரி அன்று போகவில்லை.

இனி போர்க் கல்லுக்கு வருகிறேன். சூளகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே நெடுஞ்சாலையை ஒட்டியது எங்கள் ஊர், எங்கள் கோயில். முதல் உலகப் போருக்கு இந்தப் பங்கிலிருந்து ஆட்கள் போனார்கள். துப்பாக்கி பிடிக்க இல்லை. குதிரைப் பண்ணை வேலையில் பழகிய கைகள் என்பதால் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் பார்த்துக்கொள்ளக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். இன்றைய ஈராக்கில் பஸ்ராப் பக்கம் போனவர்களில் பதினான்கு பேர் திரும்பவில்லை. அப்போது பங்கில் இருந்த பிரெஞ்சு சாமியார் அவர்களுக்காகக் கல் நட்டார். நம் ஊர்க் கறுப்புக் கல், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, நான்கு பட்டைத் தூண். உச்சியில் சிலுவை. சிலுவைக்குக் கீழே வாள், துப்பாக்கி எதுவும் கிடையாது, நான்கு பக்கமும் ஒவ்வொரு குதிரை லாடம். லாடத்துக்குக் கீழே பெயர்கள். ஒரு முகத்தில் எங்கள் மேட்டுத்தெரு ஆட்கள், தமிழில். ஒரு முகத்தில் தெலுங்கு எழுத்து, ஒரு முகத்தில் கன்னட எழுத்து. நான்காவது முகத்தில் காலனி ஆட்கள், மறுபடியும் தமிழில். மற்ற மூன்று முகங்களிலும் தகப்பன் பெயரோடு இருக்கும். காலனி முகத்தில் மட்டும் ஒற்றைப் பெயர்கள்: சின்னப்பன், தாவீது, சவரி. தகப்பன் பெயரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்தக் கல் கோயிலுக்கு நேராக நிற்காது. வாசற்படியில் நின்று பார்த்தால் தூணின் மூலைதான் நம்மைப் பார்க்கும். படிகள் நேராக இருக்கும், அதன்மேல் தூண் மட்டும் கோணிக்கொண்டு நிற்கும். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியதால் எனக்கு அது கண்ணிலேயே பட்டதில்லை.

நாற்கரச் சாலை வந்தபோது கோயில் முற்றத்தின் முன்பக்கம் ரோட்டுக்குப் போயிற்று. கல்லைப் பெயர்த்து உள்ளே நகர்த்த வேண்டும். பங்குப் பேரவையில், எழுத்து ஒன்றுகூடச் சிதையாமல் நகர்த்த வரைபடம் வேண்டும், யார் போட்டுத் தருவார்கள் என்று ஃபாதர் கேட்டார். வாயை மூடிக்கொண்டு இருந்தேனா? "எங்க க்யூசி சார் இருக்காரு, தலைமுடியைக்கூட அளந்து குடுப்பாரு" என்றேன். மறுநாள் அவரிடம் சொன்னபோது அவர் ஒரு கேள்விதான் கேட்டார். "நான் உள்ள வரலாமா வே? செருப்ப எங்க விடணும்?"

மூன்று ஞாயிறு வந்தார். நெற்றியில் திருநீறோடு, பூசை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, படியில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தையும் மெல்லிய தாளில் பென்சிலால் தேய்த்து எடுத்தார். தெலுங்கும் கன்னடமும் அவருக்குப் பேசினால் புரியும், படிக்கத் தெரியாது. ஆனாலும் ஒரு சுழிகூட விடவில்லை. லாடத்தின் ஆணித் துளைகளை எண்ணி, "எட்டுத் தொளை வே, ஒண்ணுகூட கொறையல. செதுக்குனவன் நெசமாவே லாடம் அடிச்சவன்" என்று சந்தோஷப்பட்டார்.

மூன்றாவது ஞாயிறு, நூல் பிடித்துப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"ஞானம், இது எப்பவுமே இப்படிக் கோணலாத்தான் நிக்கா?"

எனக்கு அது தெரியாது. உண்மையாகவே தெரியாது. ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? "இல்லைங்க சார். போர்வெல் போட லாரி வந்துதுல்ல, அது ரிவர்ஸ் எடுக்கறப்ப இடிச்சுத் திரும்பிடுச்சு. அதுக்கு முன்னாடி நேரா வாசலப் பாத்துதான் நின்னுது" என்றேன். லாரி வந்தது நிஜம். இடித்ததாக யாரோ சொன்னது போலவும் இருந்தது. மீதியை நானே சேர்த்துக்கொண்டேன், அதுவும் இவ்வளவு விவரமாக.

"ஊர்க்காரரு சொல்லுதீரு, சரியாத்தான் இருக்கும்" என்று அவர் வரைபடத்தில் தூணை நேராக்கினார். அளவு நாடாவை நம்பாமல் இரண்டு தடவை அளக்கிற மனிதர் என் வாயை ஒரே தடவையில் நம்பிவிட்டார்.

கல்லைத் தூக்கிய நாள் வேலை நாள். அவருக்கு ஷிப்ட். நான் விடுப்புப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன், மேற்பார்வையாம். தூக்கும்போது பீடக் கல்லின் ஓரம் உடைந்துவிட்டது. கான்டிராக்டர் அதைத் தள்ளிவிட்டு, வரைபடத்தில் உள்ளபடியே புதிதாக கான்கிரீட் பீடம் போட்டார். பழைய பீடத்தில் தூணின் அடியிலுள்ள முளை உட்காரும் சதுரக் குழி இருந்தது. அதை நான் குனிந்து பார்த்தேன். அந்த நேரம் டீ வந்துவிட்டது.

கல் புது இடத்தில் நின்றது, முதுகுக்குப் பின்னால் ரோட்டோரம் எழுப்பிய புது மதில். வாசற்படியில் நின்றால் எங்கள் மேட்டுத்தெருப் பெயர்கள் நேராக முகத்தில் அடிப்பது போலத் தெரிந்தன. இரண்டாவது பெயர் என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் பெயர் கோயிலைப் பார்த்து நின்றது. அடேயப்பா, எனக்கு எவ்வளவு பெருமை! பார்க்க வந்த உறவுக்காரர்களை எல்லாம் படியில் நிறுத்திக் காட்டினேன். எல்லோரும் சாரைப் பாராட்டினார்கள். அவர் கூச்சத்தோடு வெர்னியர் இருக்கிற பையைத் தடவிக்கொண்டு நின்றார்.

கல்லறைத் திருநாள் வந்தது. அன்று மாலை கல்லறைகளில் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவோம். போர்க் கல்லில் பெயர் உள்ள குடும்பங்கள் கல்லின் படியிலும் ஏற்றுவார்கள். புது இடத்தில் முதல் திருநாள் என்பதால் ஃபாதர் சாரையும் அழைத்திருந்தார். காலனியிலிருந்து சவரியம்மா வந்தார். எங்கள் தொழிற்சாலையில் கான்டிராக்டில் துப்புரவு வேலை பார்ப்பவர், நாற்பது வயது இருக்கும். கல்லில் உள்ள சின்னப்பன் அவருடைய கணவரின் கொள்ளுத்தாத்தா. கணவரும் இறந்துவிட்டதால் அந்த வீட்டிலிருந்து வருஷா வருஷம் மெழுகுவர்த்தி கொண்டுவருவது அவர்தான். சின்னப்பனுக்கு எங்கேயும் கல்லறை கிடையாது. மணலில் புதைத்தார்களோ கடலில் போட்டார்களோ, யாருக்கும் தெரியாது. இந்தக் கல்லில் உள்ள ஆறு எழுத்துதான் அவருடைய கல்லறை.

சவரியம்மா கல்லைச் சுற்றி வந்தார். காலனி முகம் மதிலைப் பார்த்து இருந்தது. நடுவில் ஒன்றரை அடி இடைவெளி. அதற்குள் பக்கவாட்டில் நுழைந்தார். குனிய முடியவில்லை, முதுகு மதிலில் இடித்தது. மெழுகுவர்த்தியைப் படியில் வைக்கக் கை எட்டவில்லை. புடவையில் தீ பிடித்துவிடும் என்று யாரோ கத்தினார்கள். அணைத்துவிட்டு அப்படியே பக்கவாட்டில் வெளியே வந்தார். முந்தானையெல்லாம் சுண்ணாம்பு.

"ஏங்க, எங்கூட்டுப் பெரியவரத் திருப்பி வெச்சுட்டீங்களே" என்றார். சண்டையாகச் சொல்லவில்லை. "எங்க மாமனாரு சொல்லுவாருங்க, நாலு தெருவும் எம்பேரு முன்னால, உம்பேரு முன்னாலன்னு அடிச்சுக்கிட்டாங்களாம். அதுக்குத்தான் சாமியாரு தூணை மூலையாத் திருப்பி நட்டாராம். யாருக்கும் முன்பக்கமும் இல்ல, யாருக்கும் முதுகும் இல்லன்னு. எங்களக் கேட்டிருந்தா சொல்லியிருப்பமுங்களே."

சண்முகவேல் சார் என் பக்கத்தில்தான் நின்றார். அவர் முகம் செத்துப் போயிற்று. நேராகக் கோயிலின் பின்பக்கம் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். பழைய பீடக் கல் பைப்படியில் கிடந்தது, அதன்மேல் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். சோப்பு நுரையைக் கையால் வழித்துவிட்டு அவர் குழியைப் பார்த்தார். சதுரக் குழி, பீடத்தின் ஓரங்களுக்குச் சாய்வாக, மூலைக்கு மூலை, உளி பட்ட தடம் சுத்தமாகத் தெரிந்தது. தூணின் முளையை அதில் எப்படி இறக்கினாலும் தூண் கோணலாகத்தான் நிற்கும். லாரி என்ன, யானை இடித்தாலும் உடையுமே தவிரத் திரும்பாது.

"இது இடிச்சுத் திரும்புனது இல்ல" என்றார் மெதுவாக. "திருப்பியே செஞ்சது." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒருதடவைதான். நான் குனிந்து மிச்சமிருந்த சோப்பு நுரையை வழிக்க ஆரம்பித்தேன். வாழ்க்கையில் பதில் ரெடியாக இல்லாத ஒரே நேரம் அதுதான்.

அடுத்த ஞாயிறு பேரவை கூடியது. சார் கல்லை மறுபடி திருப்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். மேட்டுத்தெருப் பெரியவர் ஒருவர், "இப்பத்தாங்க பாக்க லட்சணமா இருக்குது. கல்லு எல்லாருக்கும் பொதுதான? எந்தப் பக்கம் பாத்தா என்ன?" என்றார். இன்னொருவர், அந்த வெளியூர்க்காரருக்கு இதில் என்ன வந்தது என்றார். காலனியிலிருந்து வந்த இரண்டு பேர் கதவருகே நின்றிருந்தார்கள், அவர்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை. ஃபாதர் என்னைப் பார்த்தார். "ஞானம், உங்களுக்கு எல்லாம் தெரியுமே. முன்னாடி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். எல்லாம் தெரிந்த ஞானப்பிரகாசம், "அது வந்துங்க ஃபாதர், சரியா ஞாபகம் இல்லீங்க" என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். பிறகு பார்க்கலாம் என்று எழுதி முடித்துவிட்டார்கள். பிறகு பார்க்கலாம் என்றால் எங்கள் பேரவையில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

அதற்கு அடுத்த ஞாயிறு நடந்ததை நம் ஊரில் எல்லோரும் பார்த்தீர்கள். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். காலைப் பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்தபோது போர்க் கல்லில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. எங்கள் தொழிற்சாலை அட்டை. பக்கத்தில் சண்முகவேல் சார், தீபாவளிக்குப் போடுகிற சலவை வேட்டி சட்டையில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். யாரையும் அவர் கூப்பிடவில்லை. ஒவ்வொருவராகக் கிட்டே போய்ப் படித்தார்கள்.

பொருள்: போர் நினைவுத் தூண். குறை: ஒரு முகம் மறைந்துவிட்டது. காரணம்: கேட்க வேண்டியவர்களிடம் பரிசோதகர் கேட்கவில்லை. கீழே அவருடைய கையெழுத்து. ஆபரேட்டர் என்ற இடம் காலியாக இருந்தது.

பேரவைப் பெரியவர் கோபத்தோடு, "இன்னாங்க இது, கோயில் கல்லுல கம்பெனி அட்டையக் கட்டிக்கிட்டு?" என்றார். "தப்பு எம்மேலங்க. ஒங்க ஊருக்கு வந்து ஒரு பொருளக் கெடுத்துட்டேன். சரி பண்ணித் தர்ற வரைக்கும் அட்டையக் கழட்டக் கூடாது. அது எங்க வேலைல உள்ள மொறை" என்றார் இவர், குரலை உயர்த்தாமல். "ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வந்து நிப்பேன். எனக்கு லீவுதான்."

தன்மேல் தானே குற்றம் சொல்லிக்கொண்டு நிற்கிற மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது? எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது பழக்கமில்லை. பிறகு தெலுங்குத் தெரு ஆள் ஒருவர் கல்லைச் சுற்றிப் போய், மதிலுக்கும் கல்லுக்கும் நடுவே நுழைந்து பார்த்துவிட்டு, தலையில் சுண்ணாம்போடு வெளியே வந்தார். "இது தப்புதான் ஃபாதர்" என்றார். அவ்வளவுதான் தேவைப்பட்டது. ஃபாதர் அங்கேயே நின்று, அடுத்த ஞாயிறே திருப்பிவிடலாம் என்று அறிவித்தார்.

எங்கள் ஃபிட்டர்கள் ஏழு பேர் பாரம் தூக்கும் செயின் பிளாக் கொண்டுவந்தார்கள். கான்கிரீட் பீடத்தை உடைத்தோம். பைப்படியிலிருந்து பழைய பீடக் கல்லைப் புரட்டிக்கொண்டு வந்து, உடைந்த ஓரத்தோடேயே வைத்தோம். தூணை இறக்கியபோது முளை குழியில் போய் உட்கார்ந்த சத்தம் இப்போதும் எனக்குக் காதில் இருக்கிறது. அன்று நான் எல்லோரையும்விட அதிகமாக வேலை செய்தேன். எதற்காக என்று ஒருவருக்குத்தான் தெரியும்.

சவரியம்மா மெழுகுவர்த்தி ஏற்றினார். திருநாள் முடிந்து கிட்டத்தட்ட மூன்று வாரம் ஆகியிருந்தது, பரவாயில்லை என்று ஃபாதர் சொல்லிவிட்டார். "சார், உங்க பேரையும் இதுல ஒரு பக்கம் செதுக்கணுமுங்க" என்று அந்த அம்மா சொன்னதற்கு, "எதுல செதுக்க? நாலு பக்கமும் ரொம்பிட்டு" என்று சார் சிரித்தார். பிறகு தூணிலிருந்து சிவப்பு அட்டையைக் கழற்றி, மடிக்காமல் என்னிடம் நீட்டினார்.

"இத நீரு வச்சுக்கிடும் வே. இன்னும் மூடல. ஒரு கையெழுத்து பாக்கி."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு அவர் ஓய்வு பெற்றார். கல்லறைத் திருநாள் தவறாமல் திருநீறு பூசிய நெற்றியோடு வந்து ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போவார். வாரம் ஒருமுறையாவது என்னைப் பார்ப்பார், டீ குடிப்பார், பேரன் கணக்கில் வாங்கிய மதிப்பெண்ணைப் பற்றிக் குறைபட்டுக்கொள்வார். அந்த அட்டையைப் பற்றி ஒருதடவைகூடக் கேட்டதில்லை. நானாக வருவேன் என்று காத்திருந்தார். லேத் ஆபரேட்டர் நாலாவது வாரம் வந்துவிட்டான். எனக்கு நாலு வருஷம் போதவில்லை.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் அவர் வீட்டுக்குப் போனேன். நடு வீட்டில் படுக்க வைத்திருந்தார்கள், சட்டைப் பையில் வெர்னியர் இல்லாமல் அவரை நான் பார்த்தது அன்றுதான். வாசலில் போட்டிருந்த நாற்காலி ஒன்றில் சவரியம்மா, தொழிற்சாலைச் சீருடைப் புடவையோடு அப்படியே வந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, அவர், "எங்கூரு ஆளே இல்லாத மனுசன், எங்க கல்லுக்காக அத்தனை பேரு முன்னால தப்புன்னு நின்னாருங்களே" என்றார்.

"தப்பு அவருதில்லம்மா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "லாரி இடிச்சுத் திரும்புச்சுன்னு அவருகிட்ட சொன்னது நான்தான். எனக்குத் தெரியாது. தெரியாமயே சொன்னேன்."

சவரியம்மா ஆச்சரியப்படுவார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே படுத்திருந்தவரையே பார்த்தார்.

"தெரியுமுங்க" என்றார். "அன்னிக்கி கல்லு திருப்பறப்ப உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுது. சாரக் கேட்டேனுங்க. அவரு சொல்லல. 'ஞானம் அவரா வருவாரு, விடும்மா'ன்னாரு."

அன்று சாயங்காலமே அலமாரியிலிருந்து அந்த அட்டையை எடுத்தேன். சிவப்பு வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டது, அவருடைய கையெழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது. ஆபரேட்டர் என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். வரும் ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் அதைப் போர்க் கல்லில் கட்டிவிட்டுப் பக்கத்தில் நிற்பேன், அவர் நின்ற அதே இடத்தில். வந்து படியுங்கள்.

அட்டையைக் கோப்பில் சேர்த்துவிட்டால் அவருடையது என்று என்னிடம் பொருள் ஏதும் மிச்சமில்லை. ஒரு பழக்கம் மட்டும் இந்த வாரம்தான் வந்திருக்கிறது. நேற்று ஷிப்டில் புது ஆபரேட்டர் ஒருவன் என்னிடம் ஒரு மெஷினைப் பற்றிக் கேட்டான். வாய் வழக்கம்போல் திறந்தது. திறந்த வாயோடு ஒரு நொடி நின்றேன். "தெரியல தம்பி. கேட்டுச் சொல்றேன்" என்றேன்.